குதிரைத்தலை விழவில்லையா? முற்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கேள்வி: ஒட்டுசுட்டானில் இருக்கிறேன். கனடாவில் உள்ள மாமா 6 அங்குல நியூட்டோனியன் தொலைகாட்டியும் (குவியத்தூரம் 750 மி.மீ.) மோட்டார் பூட்டிய தாங்கியும் அனுப்பினார். கையில் சாதாரண டிஎஸ்எல்ஆர் கமரா உண்டு. தை மாதம் குதிரைத்தலை நெபுலாவை எடுத்துப் பார்த்தேன். வெள்ளிகள் மட்டும்தான் விழுந்தன. கொழும்பில் ஒரு கடைக்காரர், கமராவின் உள் பில்ட்டரைக் கழற்ற வேண்டும், நெபுலா பில்ட்டர் வாங்க வேண்டும், இன்னும் பெரிய தொலைகாட்டி வேண்டும் என்கிறார். முற்பணம் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம், தம்பி. பெரிய தொலைகாட்டி உங்களுக்குத் தேவையில்லை. நெபுலா பில்ட்டர், நீங்கள் முதலில் எடுக்க வேண்டியது என்று நான் கீழே சொல்லும் புகைக்குழாய் நெபுலாவின் படத்தைக் கெடுக்கும். உள் பில்ட்டரைக் கழற்றும் வேலை குதிரைத்தலைக்கு மட்டும் உதவும்; அதைப் பிறகு விளக்கமாகச் சொல்கிறேன்.

குதிரைத்தலை ஒரு இருண்ட நெபுலா. இருண்ட நெபுலா என்பது விண்வெளியில் குளிர்ந்த வாயுவும் தூசியும் திரண்ட முகில். தானாக ஒளி விடாது. நிலவு எழும்பும் பக்கம் நிற்கிற பனை எப்படி உருவமாகத் தெரிகிறதோ அப்படித்தான் இதுவும்: பின்னாலுள்ள வெளிச்சத்தை மறைப்பதால் தெரிகிறது. ஆகவே கமராவுக்கு வந்து சேர வேண்டியது அந்தப் பின்புல வெளிச்சம். பெரும்பாலான இருண்ட நெபுலாக்களுக்குப் பின்னால் இருப்பவை பால்வீதியின் வெள்ளிகள். அவற்றின் ஒளி எல்லா நிறமும் கலந்தது. கடைக்காரரின் நெபுலா பில்ட்டரோ ஒன்றிரண்டு நிறங்களை மட்டும் விட்டு மிச்சத்தைத் தடுப்பது. அதைப் போட்டால் பின்புலம் போய்விடும். பின்புலம் போனால் முகிலும் போய்விடும். தெரியாமல் விற்கிறவர்களும் இருக்கிறார்கள், தெரிந்தே விற்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரிடமும் போவது உங்கள் மாமாவின் உழைப்பு.

இந்த வேலைக்கு வேண்டியது இருட்டு. பின்புல வெள்ளிகளின் ஒளி 10, தூசிப் பகுதியில் 4 என்று வையுங்கள். இருட்டான வளவில் வானம் இரண்டுக்கும் 5 சேர்த்தால் 15க்கு 9. வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நகரத்து வெளிச்சம் 50 சேர்த்தால் 60க்கு 54, கண்ணுக்கே படாது. ஒட்டுசுட்டானில் உங்கள் வீட்டு வளவு கொழும்பில் காசு கொடுத்தும் கிடைக்காத இடம். முற்றத்துப் பல்ப்பை நிறுத்துங்கள், அயலவரிடமும் கேளுங்கள். வீதி விளக்கு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பாம்பும் யானையும் திரிகிற ஊரில் அது வேண்டும். ஆனால் விளக்கு வீதியைப் பார்க்க வேண்டும், வானத்தை அல்ல. தலையைக் கொஞ்சம் கீழே திருப்பி, மேலே ஒரு தகரம் அடித்தால் போதும். இதைக் கேட்டு ஒரு அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தால் அடுத்த அலுவலகத்துக்குப் போகச் சொல்கிறார்கள்; அங்கே போனால் முதலாவதற்கு அனுப்புகிறார்கள். பிள்ளைகளுக்குப் பால்வீதியைப் பாடப் புத்தகத்தில் படிப்பித்துக்கொண்டே அதை ஊருக்கு மேலே அழிக்கிறோம்.

இருட்டுத் தேடி வளவை விட்டுப் போவதென்றால் தெரிந்த பாதையில் மட்டும் போங்கள். மிதிவெடிப் பலகை நட்ட காணிப் பக்கமோ, துப்புரவு செய்யாத பற்றைக்குள்ளோ காலே வைக்க வேண்டாம். குளக்கட்டில் தனிய நிற்க வேண்டாம். இராணுவ முகாம் பக்கம் நீளக் குழாயைப் பூட்டி வைக்கவும் வேண்டாம். போக முன்னர் கிராம சேவையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இனி குதிரைத்தலை. அது தனிக் கதை. அதன் பின்னால் இருப்பது வெள்ளிக் கூட்டம் இல்லை. ஐசி 434 எனப்படும் ஐதரசன் வாயுத் திரை. அது பெரும்பாலும் 656.3 நானோமீற்றர் ஆழ்சிவப்பில் ஒளிர்கிறது. டிஎஸ்எல்ஆர் கமராவின் சென்சருக்கு முன்னுள்ள பில்ட்டர் அந்தச் சிவப்பில் பெரும் பங்கைத் தடுத்துவிடும். உங்களுக்கு வெள்ளிகள் மட்டும் விழுந்தது இதனால்தான். ஆகவே குதிரைத்தலைக்கு மாத்திரம் கடைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது: பில்ட்டரைக் கழற்றினால் திரை நன்றாக எழும்பும். கழற்றிய கமராவில் அந்தச் சிவப்பை மட்டும் விடும் பில்ட்டரும் வேலை செய்யும். ஆனாலும் சென்சரின் நான்கு புள்ளிகளில் ஒன்றுதான் சிவப்பு, மற்ற மூன்றும் சும்மா இருக்கும். வேறு கண்ணாடி பொருத்தாமல் வெறுமனே கழற்றினால் அகச்சிவப்பும் உள்ளே வந்து, லென்ஸில் எடுக்கும் படங்களில் வெள்ளிகள் ஊதிப் போகும். தானியங்கிக் குவியமும் பிசகலாம். வீட்டு விசேஷத்துக்கு எடுத்தால் முகமெல்லாம் சிவக்கும். ஃபோன் திருத்துகிற மேசையில் சென்சரை அவிழ்க்க விடவே கூடாது. கழற்றாமலும் மங்கலாகக் குதிரைத்தலையை எடுக்கலாம், பல இரவுகளின் படங்களைச் சேர்த்தால். ஆனால் அது நள்ளிரவில் உச்சிக்கு வருவது மார்கழியில், நமக்கு மாரி மழை. மாசியில் வானம் வெளிக்கும்போது முன்னிரவு மட்டுமே மிஞ்சும், கூடவே பனியும் கொட்டும். வன்னியில் இருக்கிற ஒருவர் தொடங்க வேண்டிய இலக்கு இதுவல்ல.

உங்களுக்கான இலக்கு கேட்டைக்குக் கிழக்கே, மூலத்துக்கு வடக்கே, புகைபிடிக்கும் சுங்கான் வடிவில் இருக்கும் புகைக்குழாய் நெபுலா. இதுவும் இருண்ட நெபுலாதான். இருண்ட முகில்களைப் பட்டியலிட்ட வானியலாளர் பார்னார்ட், 1905இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் மலைக்குப் போய்த் தென்வானத்துப் பால்வீதியைப் படமெடுத்தார். அவர் வேலை செய்த யேர்க்ஸ் வானாய்வகத்தில் 40 அங்குலத் தொலைகாட்டி அவர் பாவனையில் இருந்தது. மலைக்குக் கொண்டுபோனதோ 10 அங்குல அகலப்புலக் கமரா. இதைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். 1919இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 182 முகில்கள். அதில் புகைக்குழாயின் தண்டு 59, 65, 66, 67ஆம் எண்கள், கிண்ணம் 78ஆம் எண். மவுண்ட் வில்சனில் அது ஏறத்தாழ 30 பாகை உயரத்துக்குத்தான் வரும். வன்னியில் 55 பாகை. ஆனி பிறக்கும் நாட்களில் நள்ளிரவுக்கு அந்த உயரத்தில் நிற்கும், மழையும் இராது.

அது வானில் 7 பாகைக்கு மேல் நீளம். உங்கள் தொலைகாட்டியில் கமரா காண்பது 1.7 பாகை அகலம். ஆகவே முதல் தடவை தொலைகாட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, கமராவை 50 மி.மீ. லென்ஸோடு தாங்கியில் நேரே பூட்டுங்கள். எஃப் 4, ஐஎஸ்ஓ 1600, ஒவ்வொன்றும் 2 நிமிடம், ரோ கோப்பாக. அமாவாசையை ஒட்டி மொத்தம் 3 மணித்தியாலமாவது சேருங்கள். கை பழகிய பிறகு தொலைகாட்டிக்கு வாருங்கள்: புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே பாம்பு நெபுலா, 72ஆம் எண், தனுசில் மைத்துளி போன்ற 86ஆம் எண். இரண்டும் 750 மி.மீ.க்குள் அடங்கும். சோளகக் காற்று குழாயை ஆட்டும். வீட்டுச் சுவருக்கு மறைவில் வையுங்கள்.

தாங்கியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து வருகிற தாங்கிகள் பல, உயர்ந்த அகலக்கோட்டுக்கு அமைத்தவை. தாங்கியின் அச்சு துருவ வெள்ளியைப் பார்த்து நிற்க வேண்டும்; நமக்கு அது 9 பாகை உயரத்தில்தான். அந்த அளவுக்குச் சில தாங்கிகள் இறங்கவே இறங்காது. இறங்கினாலும் எதிர்ப்பாரம் முக்காலியின் காலில் முட்டலாம். பழைய தாங்கி விற்க வருகிற தரகர் எவரும் இதைச் சொல்வதில்லை. உங்களுடையதை முதலில் இறக்கிப் பாருங்கள். காட்டு மரங்களுக்குப் பின்னால் துருவ வெள்ளி மறைந்தால் திசைகாட்டியும் சரிவுமானியும் 50 மி.மீ. லென்ஸுக்குப் போதும்.

நமது இரவு வெக்கைக்குச் சென்சரும் சூடேறிப் படத்தில் இரைச்சல், அதாவது பொய்ப் புள்ளிகள், கூடும். ஆகவே மூடியைப் போட்டு எடுக்கும் இருட்டுப் படங்களை அதே இரவில் எடுங்கள். சீரான வெளிச்சத்தில் எடுக்கும் சமன் படங்களையும் விடாதீர்கள். சென்சரில் ஒட்டிய தூசியின் நிழல் இருண்ட நெபுலா போலவே ஏமாற்றும். எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்ப்பதற்கு சிரில் என்ற இலவச மென்பொருள் போதும், பணம் கட்டிப் பாடம் எடுப்பவர்களிடம் போக வேண்டியதில்லை. அதில் பின்னணிச் சாய்வை, அதாவது வானத்தில் ஒரு பக்கம் கூடித் தெரியும் வெளிச்சத்தை, நீக்கும்போது கவனம்: குறிப்புள்ளிகளைத் தானாக வைக்க விட்டால் முகிலின் மேலேயே வைத்து, நெபுலாவைக் குறையென்று எண்ணித் துடைத்துவிடும். புள்ளிகளை நீங்களே முகிலுக்கு வெளியே, வெள்ளிகள் நெருங்கிய இடங்களில் வையுங்கள். முகிலை முழுக் கறுப்பாக்கவும் வேண்டாம். தூசி நீலத்தைக் கூடுதலாகத் தடுப்பதால் விளிம்புகள் மண்ணிறமாக வரும், அது உண்மையான நிறம்.