வேலை நேரத்தில் போன்: கேள்வி பதில்

கேள்வி (மெர்ச்சண்டைசர், திருப்பூர்): பையர் மெயிலுக்குப் பதில் எழுத உட்கார்ந்தா, கை தானா ரீல்ஸுக்குப் போயிடுதுங்கண்ணா. நான் சோம்பேறியா?

பதில்: இல்லீங்க தம்பி. பேக்கிங் லிஸ்ட் கேட்டா உடனே அனுப்பிடுவீங்க. லேப் டிப் (துணிக்குச் சாயம் போடறதுக்கு முன்னாடி பையர் ஓகே பண்ண வேண்டிய கலர் சாம்பிள்) ரிஜெக்ட், ஷிப்மென்ட் தள்ளும்னு சொல்ல வேண்டிய மெயில்தான் அப்படியே கிடக்கும். தள்ளிப்போடறது பெரும்பாலும் அந்தச் சங்கடத்துல இருந்து தப்பிக்கத்தான். ஆனா லேப் டிப் ஓகே ஆகாம டையிங் தொடங்காது, கட்டிங் டேபிள் காலியா நிற்கும், கடைசியில கப்பல் சரக்கை ஏர்ல அனுப்ப வேண்டி வரும். அதனால மெயிலை விட்டுட்டு முதல் படியை எழுதி வைங்க: "10 மணி டீ முடிஞ்சு சீட்டுக்கு வந்ததும் டையிங் யூனிட்டுக்குப் போன் போட்டு, மறு லேப் டிப் தேதி வாங்கணும்." தேதி கைக்கு வந்துட்டா மெயில் நாலு வரிதான். நேரம், இடம், செயல் மூணையும் இப்படி முன்கூட்டியே முடிவு பண்ணினா வெறும் உறுதியைவிட நல்லாப் பலிக்கும்னு உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-லயே எழுதியிருக்கார்.

கேள்வி (டீம் லீட், கோவை சரவணம்பட்டி): ஆபீஸ் வைஃபையில இன்ஸ்டா, யூடியூப்பை பிளாக் பண்ணிட்டா போதுமுங்களா?

பதில்: போதாதுங்க, எல்லார் பாக்கெட்லயும் டேட்டா இருக்கு. முதல்ல உங்க டீம் சாட் குரூப்பைப் பாருங்க, குறுக்கீடு அங்கிருந்தும்தான் வருது. 2008-ல் ஆய்வாளர் குளோரியா மார்க் குழு நடத்தின சோதனையில, குறுக்கீட்டுக்கு ஆளானவங்க வேலையைச் சீக்கிரமே முடிச்சாங்க. ஆனா மன அழுத்தமும் எரிச்சலும் கூடியிருந்துச்சு. முடிச்ச டிக்கெட் (வேலைக் கோரிக்கை) எண்ணிக்கையை மட்டும் பார்த்தா இந்தச் சேதம் தெரியாது. காலை 11, மாலை 4 மட்டும் சாட்டுக்குப் பதில், அவசரம்னா போன் கால்னு வைங்க. 11:20-க்கு நீங்களே "பார்த்தாச்சா?"னு தட்டினா அந்த விதி அன்னைக்கே செத்துடும். வேலையைப் பாதியில விடும்போது அடுத்து என்ன பார்க்கணும்னு ஒரு வரி எழுதிட்டு எழுந்திரிக்கச் சொல்லுங்க.

கேள்வி (கணக்காளர், ஈரோடு): டீ நேரத்துல போன் பார்க்கிறதும் தப்புங்களா?

பதில்: தப்பே இல்லீங்கம்மா. ஒரு பாட்டு, கிரிக்கெட் ஸ்கோர்னு முடிவு இருக்கிறதா பாருங்க. ரீல்ஸுக்கு முடிவு கிடையாது.

கேள்வி (பம்பு கம்பெனி முதலாளி, கோவை கணபதி): டிசைன் பையன் எந்நேரமும் போன்லயே இருக்கான். வேலையில ஒட்டவே மாட்டேங்கிறான். திட்டியும் மாறலை.

பதில்: அவன் இம்பெல்லர் (பம்புக்குள்ள சுழன்று தண்ணியைத் தள்ளற சக்கரம்) டிராயிங் போட்டுத் தர்றான். வார்ப்பு ஆகி, பம்பை ஓட்டிப் பார்க்கிற டெஸ்ட் பெட்ல எவ்வளவு டிஸ்சார்ஜ் (வெளிய வர்ற தண்ணி அளவு) வந்துச்சுன்னு அவனுக்கு யாராச்சும் சொல்றாங்களா? வேலைக்கு அர்த்தம், தப்பை ஒத்துக்கிட்டா அவமானப்பட வேண்டியதில்லைங்கிற தைரியம், உடம்புலயும் மனசுலயும் தெம்பு, இந்த மூணும் இருந்தாத்தான் ஆள் வேலையில ஒட்டுவான்னு ஆய்வாளர் வில்லியம் கான் 1990-ல் எழுதினார். உங்க பையனுக்கு முதல் ரெண்டும் இல்லைனுதான் எனக்குப் படுது. டெஸ்ட் அன்னைக்கு அவனைப் பெட் பக்கத்துல நிறுத்துங்க, ரீடிங்கை அவனே எழுதட்டும். டிஸ்சார்ஜ் குறைஞ்சா நாலு பேர் முன்னால கேட்காதீங்க. அப்ரூவலுக்குக் காத்திருக்கிற நேரத்துலதான் போன் அதிகம் ஓடுதான்னும் ஒரு வாரம் கவனிங்க. அப்படின்னா ரெண்டாவது டிராயிங் ஒண்ணை எப்பவும் அவன் கையில கொடுத்து வைங்க.