விண்டோஸ் 10 முதல் உப்பிய பேட்டரி வரை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (மடிப்பாக்கம்): ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். வீட்டில் ஐ5 ஏழாம் தலைமுறை டெஸ்க்டாப், 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. வங்கி வேலை, மின்கட்டணம், தமிழ்த் தட்டச்சு, இவ்வளவுதான் பயன்பாடு. ‘இனி இது ஆகாது, புதுசு வாங்கிடுங்க’ என்கிறார் கடைக்காரர். வாங்கித்தான் ஆகணுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது உண்மைதான். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. செட்டிங்ஸில் ‘அபவுட்’ பக்கம் போய் 22எச்2 பதிப்புதானா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அட்மினாக நுழைந்து, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘என்ரோல் நவ்’ என்பதை அழுத்துங்கள். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு சிங்க் செய்ய ஒப்புக்கொண்டால் பைசா செலவில்லை. அந்த வரியே தெரியவில்லை என்றால் பாக்கி அப்டேட் எதுவோ காத்திருக்கிறது. எல்லாவற்றையும் போட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தபின் பாருங்கள்.

விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல்தான். உங்கள் ஏழாம் தலைமுறையில் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. வங்கிக் கணக்கு திறக்கும் கணினியில் அதைச் செய்யாதீர்கள். அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. நீட்டிப்பு முடிந்ததும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு, 8 ஜிபி தாராளம், ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிரின்டர் வேலை செய்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 11 ஏற்றும்போது ‘டிபிஎம் இல்லை’ (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் அமைப்பு) என்று வந்தால் பெரும்பாலும் அது பயாஸில், அதாவது விண்டோஸ் கிளம்பும் முன் திறக்கும் கணினி அமைப்புகள் பக்கத்தில், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டில் ‘பிடிடி’, ஏஎம்டி போர்டில் ‘எஃப்டிபிஎம்’ என்ற பெயரில் இருக்கும்; அதை எனேபிள் செய்தால் போதும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீயை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பூட்டில் கேட்கும். பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க்கைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றாமல் லெகசி பூட்டை (பழைய முறையில் கணினி கிளம்புவதை) அணைத்தால் விண்டோஸ் கிளம்பவே கிளம்பாது. பேக்கப் எடுத்து, டிஸ்க்கை மாற்றி, அப்புறம் செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் கிளம்பவிடும் அமைப்பு). இந்த வரிசை மாறக்கூடாது.

கேள்வி (குரோம்பேட்டை): கல்லூரி மாணவன். லேப்டாப்பில் 8 ஜிபி. ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எமுலேட்டரை (திரையில் ஓடும் மாதிரி போன்) திறந்தாலே உறைந்துவிடுகிறது. ரிச்சி தெருவில் ரேம் விலையைக் கேட்டுத் தலை சுற்றியது. இறங்கும்வரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருந்தால் படிப்புதான் கெடும். விலை ஏறியது கடைக்காரர்கள் செய்த வேலை அல்ல. மெமரி சிப் தயாரிக்கும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் ஏஐ சர்வர்களுக்கான எச்பிஎம் என்ற அதிவேக மெமரி பக்கம் திரும்பிவிட்டன. அதே கொள்ளளவுக்கு எச்பிஎம், நம் கணினிகளில் போடும் டிடிஆர்5 ரேமைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேஃபரை (சிப் வெட்டியெடுக்கும் சிலிக்கான் தகடு) தின்கிறது. நமக்கான ரேமுக்கு மிஞ்சுவது குறைவு. 2025 டிசம்பரில் மைக்ரான் தன் ‘குரூஷியல்’ நுகர்வோர் வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. புதுத் தொழிற்சாலை கட்டி உற்பத்தி வர ஆண்டுகள் ஆகும்.

செலவில்லாத வழி முதலில்: எமுலேட்டரை விட்டுவிடுங்கள். போனில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கேபிளில் இணைத்து ஆப்பை அதிலேயே ஓட்டுங்கள். எமுலேட்டர் தின்னும் ரேம் அப்படியே மிச்சம்.

அதுவும் போதாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கத்தைப் பாருங்கள். ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2’ என்றிருந்தால் நல்ல காலம், இருப்பதைக் கழற்றாமல் இன்னொரு 8 ஜிபி மட்டும் சேர்த்தால் டூயல் சேனலும் (இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் வேலை செய்து வேகம் கூடும் முறை) கிடைத்துவிடும். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது என்று பொருள். அப்போது காலி ஸ்லாட் தனியாக இருந்தாலொழிய ஏற்ற முடியாது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். அழுத்திப் பொருத்தினால் ஸ்லாட் உடையும். வேகம் வேறுபட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும், அதனால் பாதகமில்லை.

இப்போதைய விலையில் செகண்ட் ஹேண்ட் ரேம் நல்ல யோசனைதான். எஸ்எஸ்டி போல எழுத எழுதத் தேயும் பொருள் அல்ல அது. மெம்டெஸ்ட்86 இலவசப் பதிப்பை பென்டிரைவில் ஏற்றி நான்கு சுற்றும் ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுங்கள். ‘ஒண்ணுதானே’ என்று விட்டால் பிராஜெக்ட் ஃபைல் கெட்டுப்போகும். இதற்கு ஒரு ராத்திரி ஆகலாம், ஆகவே ஒரு வாரம் மாற்றித்தரும் கடையில்தான் வாங்க வேண்டும். மாட்டும்போது லேப்டாப்பை அணைத்து, உள்ளே பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு, சாய்வாகச் செருகி, இரு பக்கக் கிளிப்பும் ‘டக்’ என்று விழும்வரை அமுக்குங்கள். மாட்டியபின் திரை கறுப்பாகவே இருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் சரியாக உட்காரவில்லை என்பதுதான் காரணம்.

கேள்வி (அம்பத்தூர்): 600 விஏ யூபிஎஸ் வாங்கி இரண்டரை வருடம். மின்சாரம் ஒரு நொடி போனாலும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. யூபிஎஸ்ஸையே மாற்றணுமா?

பதில்: பேட்டரியை மட்டும் மாற்றிப் பாருங்கள். உள்ளே இருப்பது பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். நம் ஊர் வெயிலில், ஏசி இல்லாத அறையில் இரண்டரை வருடம் உழைத்ததே பெரிது. முழு சார்ஜில், யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றிச் சிறிது நேரம் வைத்து மீட்டரில் பாருங்கள்: நல்ல பேட்டரி 12.7 வோல்ட் வரை காட்டும். லோடு கொடுத்ததும் உடனே 10.5-க்குக் கீழே விழுந்தால் அதன் கதை முடிந்தது. மாற்றும்போது சிவப்பு, கறுப்பு வயர் மாறினால் போர்டு எரிந்துவிடும். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், குப்பையில் போடக்கூடாது.

பேட்டரி புதிதாக இருந்தும் அணைகிறது என்றால் லோடைப் பாருங்கள். 600 விஏ என்பது நடைமுறையில் 360 வாட் அளவுதான். லேசர் பிரின்டரை அதில் சொருகவே கூடாது, சூடேறும் நேரத்தில் அது ஒன்றே அதற்கு மேல் இழுக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கம் ‘யூபிஎஸ்’ என்ற நிலைக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த நிலையில் மின்சாரம் மாறும் நேரம் குறையும்.

கேள்வி (பெரம்பூர்): 100 வாட் டைப்-சி சார்ஜர் வாங்கினேன். லேப்டாப் ‘ஸ்லோ சார்ஜர்’ என்று சொல்கிறது. சார்ஜர் போலியா?

பதில்: கேபிளைச் சந்தேகியுங்கள். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் கேபிளாக, தான் தாங்கும் அளவைச் சார்ஜருக்குச் சொல்லும் இ-மார்க்கர் சிப் உள்ளதாக இருக்க வேண்டும். அந்தச் சிப் பதில் சொல்லாவிட்டால் சார்ஜர் 60 வாட்டோடு நிறுத்திக்கொள்ளும். உறையில் 100 வாட் அல்லது 240 வாட் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். இரண்டு மூன்று போர்ட் உள்ள சார்ஜர் என்றால் போனையும் சேர்த்துச் செருகும்போது வாட் பிரிந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி (தண்டையார்பேட்டை): ஆன்லைனில் 2 டிபி பென்டிரைவ் 600 ரூபாய். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 32 அல்லது 64 ஜிபி சிப்பை வைத்து, பென்டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பில் 2 டிபி என்று பொய் எழுதி விற்கிறார்கள். அளவு தாண்டியதும் பழைய ஃபைல்கள் மேலேயே புதியவை எழுதப்படும். பெயர் தெரியும், திறந்தால் ஒன்றுமிருக்காது. ஏற்கெனவே வாங்கியவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் முழு அளவையும் எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள்.

கேள்வி (வேளச்சேரி): மகளின் லேப்டாப்பில் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஸ்க்ரூவை இறுக்கினால் சரியாகுமா?

பதில்: தயவுசெய்து இறுக்காதீர்கள். உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. இப்போதே ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, மெத்தை, சோபா, துணி எதுவும் பக்கத்தில் இல்லாத தரையில் வையுங்கள். மூடியை அமுக்கி மூடவும் வேண்டாம். பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். சர்வீஸ் சென்டரில் கழற்றச் சொல்லி, அதே மாடல் எண்ணுள்ள பேட்டரியை பிஐஎஸ் முத்திரை பார்த்துப் போடுங்கள். புதியதைப் போட்டதும், எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப் என்றால், தயாரிப்பாளரின் ஆப்பிலோ பயாஸிலோ சார்ஜ் வரம்பை 80 சதவீதமாக வைத்துவிடுங்கள். உப்பிய பேட்டரி உள்ளே இருக்கும்போது, டேட்டா பேக்கப்புக்காக என்று இன்னொரு முறை ஆன் செய்ய வேண்டாம். எஸ்எஸ்டி தனியாகக் கழற்றக்கூடியது என்றால் அதை வேறு கணினியில் மாட்டி எடுத்துக்கொள்ளலாம்.