வாசகர் கேள்விகள்: பட்டுத் தெளிவதில் டோபமினுக்கு என்ன வேலை?

கேள்வி: டோபமின் இன்பம் தரும் ரசாயனம் என்றுதான் எங்கும் படிக்கிறோம். சூடு பட்டோ பணத்தை இழந்தோ ஒன்றைத் தவிர்க்கக் கற்கிறோமே, அதில் டோபமினுக்குப் பங்கு உண்டா?

பதில்: பெரிய பங்கே உண்டு. டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் நடுமூளையின் அடிப்பகுதியில் இருக்கின்றன. சும்மா இருக்கும்போதும் அவை நொடிக்கு ஏறத்தாழ 5 முறை மின்சமிக்ஞை விட்டுத் துடிக்கும். நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் இதை அளந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் துடிப்பு சடசடவென்று ஏறியது. எதிர்பார்த்தபடி கிடைத்தால் மாற்றமே இல்லை. வரவேண்டிய சாறு வராவிட்டால், அது வந்திருக்கவேண்டிய அதே கணத்தில் துடிப்பு அடங்கியது. பீட்டர் டயன், ரீட் மான்டேக் ஆகியோருடன் அவர் 1997-ல் எழுதிய கட்டுரை இதைக் கணக்காக்கியது: எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இந்த அணுக்கள் சொல்கின்றன.

தவிர்க்கக் கற்பதற்கு அந்த மௌனம் முக்கியம். டோபமின் போய்ச்சேரும் இடம், மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் பகுதி. டோபமின் வந்து ஒட்டிக்கொள்ளும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். டி1 வகை ஏற்பி உள்ள அணுக்கள் 'செய்' என்று தூண்டும். டி2 ஏற்பி உள்ளவை 'வேண்டாம்' என்று தடுக்கும். வழக்கமான அளவு டோபமின் டி2 அணுக்களை அடக்கியே வைத்திருக்கும். டோபமின் குறைந்ததும் அந்தப் பிடி தளர்கிறது. சற்றுமுன் செய்த செயலைத் தடுக்கும் இணைப்புகள் வலுக்கின்றன. இந்த மௌனத்துக்கு உத்தரவிடும் இடங்களில் ஒன்று பக்கவாட்டு ஹபெனுலா என்ற சிறு மூளைப்பகுதி என்பதை ஆய்வாளர்கள் மட்சுமோட்டோவும் ஹிகோசாகாவும் 2007-ல் காட்டினர். துடிப்பு நொடிக்கு 5 என்றால், இறங்குவதற்கு அதிக இடமில்லை. அதனால் ஏமாற்றம் எவ்வளவு பெரியது என்பதை, மௌனம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே அதிகம் சொல்கிறது.

கேள்வி: மனிதர்களிடம் இதைச் சோதித்திருக்கிறார்களா?

பதில்: ஆய்வாளர் மைக்கேல் ஃபிராங்க் குழு 2004-ல் பார்க்கின்சன் நோயாளிகளிடம் சோதித்தது. டோபமின் அணுக்கள் அழிந்துவரும் நோய் இது. பெயர் வைத்து மனப்பாடம் செய்ய முடியாதபடி, அவர்களுக்குத் தெரியாத ஜப்பானிய எழுத்துகளை ஜோடி ஜோடியாகக் காட்டினார்கள். முதல் ஜோடியில் ஓர் எழுத்து 100-க்கு 80 முறை சரி, மற்றது 20 முறைதான் சரி. அடுத்த ஜோடிகளில் 70-30, 60-40. பழகியபின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, சரியா தவறா என்று சொல்லாமலே தேர்ந்தெடுக்க வைத்தார்கள். டோபமினைக் கூட்டும் மருந்து எடுத்திருந்தவர்கள் நல்ல எழுத்தைத் தேடிப்பிடிப்பதில் தேர்ந்திருந்தார்கள். மருந்து நிறுத்திய நிலையில் இருந்தவர்கள் கெட்ட எழுத்தை ஒதுக்குவதில் தேர்ந்திருந்தார்கள். டோபமின் இறங்கவேண்டிய பள்ளத்தை மருந்து நிரப்பிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

கேள்வி: அப்படியானால் டோபமின் குறைந்தால் எதையும் நன்றாகத் தவிர்க்கலாமா?

பதில்: முடியாது. சும்மா இருந்து தவிர்ப்பது வேறு, எழுந்து ஒன்றைச் செய்து தவிர்ப்பது வேறு. பின்னதற்கு டோபமின் ஏறியாக வேண்டும். இரண்டு அறைப் பெட்டியில் எலியை விட்டு ஒலி எழுப்புவார்கள். சில நொடிகளில் தரையில் மின்னதிர்ச்சி வரும். பழகிய எலி ஒலி கேட்டதுமே அடுத்த அறைக்கு ஓடும். டோபமின் ஏற்பிகளை அடைக்கும் குளோர்புரோமசின் கொடுத்தால் ஒலி கேட்டும் நிற்கும். அதிர்ச்சி வந்ததும் ஓடிவிடும். ஆக, கால் ஓடுகிறது, எச்சரிக்கைதான் எலியைக் கிளப்பவில்லை. 1950-களிலிருந்து மனநோய் மருந்துகளைத் தேர்ந்தெடுக்க இதுவே ஒரு சோதனையாக இருந்துவருகிறது.

கேள்வி: பார்க்கின்சன் நோய்க்கு பிராமிபெக்ஸோல் சாப்பிடும் அப்பா ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டுக்கொண்டே இருக்கிறார். முன்பு சீட்டையே தொட்டதில்லை. மருந்து காரணமா?

பதில்: இருக்கக்கூடும். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்றவை, பார்க்கின்சனுக்கு வழக்கமாகத் தரும் இன்னொரு மருந்தான லெவோடோபாவைப் போல டோபமினாக மாறுவதில்லை. நேராக ஏற்பியில் போய் அமர்பவை. பணம் போன கணத்தில் நரம்பணு மௌனமானாலும் அந்தச் செய்தி ஏற்பிக்குச் சரியாகப் போய்ச்சேராது. அமெரிக்கா, கனடாவில் 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், சூதாட்டம், அடக்கமுடியாத ஷாப்பிங், பாலுணர்வு வேகம், பெருந்தீனி ஆகியவற்றில் ஒன்றாவது இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 17.1 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 6.9 சதவீதம் பேருக்கும் இருந்தது.

நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் கடும் பதற்றம், வியர்வை, உடல்வலி வரலாம். லெவோடோபாவைச் சட்டென்று நிறுத்தினால் காய்ச்சலும் உடல் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்து தொடங்கிய தேதி, அளவு கூட்டிய தேதிகள், விளையாட்டு தொடங்கிய மாதம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, வங்கிக் கணக்கு விவரத்துடன் நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். படிப்படியாகக் குறைப்பதா, மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். அதுவரை யுபிஐ வரம்பைக் குறைத்து வையுங்கள். அப்பாவைத் திட்டாதீர்கள், திட்டினால் மறைப்பார், மறைத்தால் டாக்டருக்கும் தெரியாமல் போகும்.