டவர் தெரியுது, டவர் கிடைக்கலை!

வாசகர் கேள்வி பதில்

டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செல்போன் பற்றியே இருந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: வாசலில் நின்றால் டவரின் சிவப்பு விளக்கே தெரிகிறது. கூடத்துக்குள் போனால் பேச்சு அறுந்துவிடுகிறது. சிம்மை மாற்றவா, போனை மாற்றவா?
– வாசகர், நீடாமங்கலம் அருகே

பதில்: இரண்டையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் டவரில் உங்கள் கம்பெனியின் ஆன்டெனா இருக்கிறதா என்பதே முதல் சந்தேகம். இன்று பெரும்பாலான டவர்களுக்குச் சொந்தக்காரர் வேறு, அதில் வாடகைக்கு ஆன்டெனா மாட்டியிருப்பவர் வேறு. உங்கள் சிம் இரண்டு ஊர் தள்ளியிருக்கும் டவரோடு பேசிக்கொண்டிருக்கலாம். சேவை நிறுவனங்கள் தங்கள் கவரேஜ் வரைபடத்தை இணையதளத்தில் போட வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அதில் உங்கள் ஊரைப் பாருங்கள்.

அடுத்தது அளவு. திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், 'போனைப் பற்றி' என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை டிபிஎம் கணக்கில் மைனஸ் எண்ணாக இருக்கும். சாம்சங்கில் *#0011# அடித்தும் பார்க்கலாம். ஐபோனில் *3001#12345#* அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள். 4ஜி-யில் மைனஸ் 90 வரை நல்ல சிக்னல். மைனஸ் 100 என்றால் ஓட்டலாம். மைனஸ் 110-ஐத் தாண்டினால் பேச்சு உடையும், மைனஸ் 120-ல் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. 2ஜி-க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மைனஸ் 100 என்றாலே விளிம்பு.

வாசலில், முற்றத்தில், கூடத்தில், படுக்கையறையில் அரை நிமிடம் அரை நிமிடம் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் மைனஸ் 92, கூடத்தில் மைனஸ் 114 என்றால் குற்றவாளி உங்கள் சுவர். 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 குறைந்தால் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. வாசலிலேயே மைனஸ் 112 என்றால் வீட்டில் என்ன செய்தாலும் பலனில்லை, அது டவரின் குறை.

ஒன்றரை அடி செங்கல் சுண்ணாம்புச் சுவர் உள்ள பழைய வீடுகளில்கூட ஓட்டுக் கூரை வழியாகவும் முற்றம் வழியாகவும் சிக்னல் இறங்கிவிடும். கான்கிரீட் போட்டு, வெயிலுக்குப் பயந்து அதற்கு மேல் தகர ஷீட்டும் போட்ட புது வீட்டில்தான் திண்டாட்டம். தகரத்தை ரேடியோ அலை ஊடுருவாது. அலைவரிசைக்கும் இதில் பங்கு உண்டு. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி வரும். 1800-ம் 2100-ம் நடுத்தரம். 2300, 2500-க்குச் சுவர் ஆகாது. 5ஜி-யின் 3300 அதைவிட மோசம். அதனால் வீட்டுக்குள் இருக்கும்போது நெட்வொர்க் வகையை 4ஜி-க்கு மாற்றிப் பேசிப் பாருங்கள். பலருக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் இருக்கவே இருக்கிறது வைஃபை அழைப்பு. கேபிள்காரர் தரும் பைபர் இணைப்பு வீட்டில் இருந்து, உங்கள் போனிலும் கம்பெனியிலும் அந்த வசதி இருந்தால் போதும். சிம் அமைப்பில் அதை ஆன் செய்துவிட்டால் உங்கள் எண்ணுக்கு வரும் அழைப்பு வைஃபை வழியே வரும். தனிக் கட்டணம் கிடையாது.

கேள்வி: ஆன்லைனில் 3,000 ரூபாய்க்கு சிக்னல் பூஸ்டர் விற்கிறார்களே, வாங்கலாமா?
– வாசகி, பாபநாசம்

பதில்: கூடாது. உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதும் விற்பதும் மாட்டுவதும் சட்டவிரோதம். தரமில்லாத பூஸ்டர் தன் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி டவரின் காதிலேயே கத்தும். அக்கம்பக்கம் அத்தனை பேருக்கும் பேச்சு கெடும்.

கேள்வி: போர்வெல் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டினேன். மிஸ்டு கால் கொடுத்தால் ஒருநாள் ஓடுகிறது, மறுநாள் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்கிறது. குறுவைக்கு நாற்று விட்டாயிற்று. என்ன செய்வது?
– விவசாயி, குத்தாலம்

பதில்: இந்தக் கேள்வி மட்டும் நாலு கடிதத்தில் வந்திருக்கிறது. விலை குறைந்த ஸ்டார்ட்டர்கள் பெரும்பாலும் 2ஜி மோடம் வைத்தவை. ஜியோவுக்கு 2ஜி-யே கிடையாது. அந்த சிம்மைப் போட்டால் எந்நாளும் ஓடாது. மற்ற கம்பெனிகளில் எதன் 2ஜி உங்கள் வயலில் கிடைக்கிறது என்பதைப் பட்டன் போனில் சிம்மைப் போட்டு மோட்டார் கொட்டகையிலேயே நின்று பாருங்கள். வீட்டில் பார்த்தது கணக்கில் வராது.

ஒருநாள் ஓடி மறுநாள் ஓடாததற்குப் பெரும்பாலும் ஆன்டெனாதான் காரணம். ஸ்டார்ட்டர் பெட்டி இரும்பு, கொட்டகைக் கூரை தகரம். உள்ளே சுருட்டி வைத்த ஆன்டெனா என்ன செய்யும்? காந்த அடி உள்ள ஆன்டெனாவைக் கூரைக்கு மேலே, நெட்டுக்குத்தாக வையுங்கள். ஒயர் 3 மீட்டருக்கு மேல் வேண்டாம். இந்த மெல்லிய ஒயரில் 900 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிபி (டெசிபல்) போய்விடும். 3 மீட்டரில் 3 டிபி, அதாவது பாதி சிக்னல் காலி. 10 மீட்டர் ஒயர் வாங்கித் தென்னை மரத்தில் கட்டினால் ஏற்றியதெல்லாம் ஒயரிலேயே இறங்கிவிடும். மழைத் தண்ணீர் ஒயர் வழியே வழிந்து பெட்டிக்குள் போகாதபடி கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு உள்ளே இழுங்கள்.

அடுத்தது மின்சாரம். 2ஜி மோடம் அலையை அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தால் அந்த நொடியில் மோடம் அணைந்து அணைந்து எரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 'சிக்னல் பிரச்சினை' மாதிரியே இருக்கும். கரன்ட் இல்லாத நேரத்தில் அழைத்துப் பாருங்கள். அப்போது மட்டும் மணி அடிக்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றுங்கள்.

சிம்மில் பின் நம்பர் (PIN) கேட்கும் பூட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். ரீசார்ஜ் தேதியை மறக்காதீர்கள். வேலிடிட்டி முடிந்து சில நாளில் உள்வரும் அழைப்பும் நின்றுவிடும். இதற்கு டேட்டா பிளான் வீண். பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக்கை எல்லா நிறுவனங்களும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டது. 365 நாள் வரை வேலிடிட்டி கொடுக்கவும் அதில் இடமுண்டு. கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார், கேட்டு வாங்குங்கள். உங்கள் எண்களை மட்டும் ஸ்டார்ட்டரில் பதிந்து மற்றதைத் தடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கடன் வேண்டுமா என்று கேட்டு வரும் அழைப்புக்கும் மோட்டார் ஓடும்!

புதிதாக வாங்குவதானால் 4ஜி ஸ்டார்ட்டரே நல்லது. வோல்ட்இ (4ஜி வழியாகவே பேசும்) அழைப்பை ஏற்குமா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். சில மாடல்களில் டேட்டா மட்டும்தான், ஆப் வழியாகத்தான் இயக்க முடியும். மிஸ்டு கால் வேலை செய்யாது.

கேள்வி: 'அன்லிமிடெட் 5ஜி' என்று போட்டிருந்த பிளானைத்தான் போட்டோம். மத்தியானமே 'இன்றைய டேட்டா தீர்ந்தது' என்று எஸ்எம்எஸ் வருகிறது. ஏமாற்றா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது. விளம்பரத்தில் பெரிதாக இருப்பது ஒன்று, பொடி எழுத்தில் இருப்பது இன்னொன்று. அளவில்லாதது 5ஜி மட்டும்தான். போன் 4ஜி-க்கு இறங்கும் ஒவ்வொரு நிமிடமும் தினசரி 2 ஜிபி-யிலிருந்து கழியும். கீழ வாசலில் 5ஜி, மாடிப்படிக்கு அடியில் 4ஜி என்று போன் மாறி மாறித் தாவும் வீட்டில், நீங்கள் 5ஜி என்று நினைத்துப் பார்க்கும் படத்தில் பாதி 4ஜி-யில் ஓடியிருக்கும். மேலே 5ஜி என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்பாதீர்கள். பழைய 4ஜி-யைத் துணைக்கு வைத்து ஓடும் 5ஜி-யில், உண்மையில் 4ஜி-யில் இருக்கும்போதும் அந்த எழுத்து தெரியும்.

டிவிக்கு ஹாட்ஸ்பாட் கொடுக்கிறீர்களா? ஹெச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே படம் 7 ஜிபி வரை தின்னும். டிவி தானாகவே உயர்ந்த தரத்தை எடுத்துக்கொள்ளும். ஆப்பில் தரத்தை 480-க்கு இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோ தானாக இறங்குவதையும், போட்டோ பேக்கப்பையும், ஆப் அப்டேட்டையும் வைஃபைக்கு மட்டும் என்று வையுங்கள்.

தீர்ந்த பிறகு வேகம் பொதுவாக 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். 1 எம்பி போட்டோ வர இரண்டு நிமிடத்துக்கு மேல். ஜிபே மெதுவாகப் போகும், வீடியோ போகவே போகாது. ராத்திரி 12 மணிக்குப் புதுக் கணக்கு தொடங்கும் என்பதால், ஒன்பது மணிக்கு மேல் டேட்டா வவுச்சர் போடுவது காசைக் கரைப்பது.

28 நாள் பிளானுக்கு வருடத்தில் 13 ரீசார்ஜ் என்பதையும் கணக்கில் வையுங்கள். மாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பிளான் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்பது 2022 முதல் டிராய் விதி.

கேள்வி: வேளாங்கண்ணித் திருவிழாவில் சிக்னல் முழுசாக இருந்தும் நெட் ஓடவில்லை. ஏன்?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: சிக்னல் சாலை மாதிரி, அதில் எத்தனை வண்டி ஓடுகிறது என்பது வேறு கதை. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு 4ஜி செல்லில், இரண்டு ஆன்டெனா கணக்கில், அதிகபட்சம் 150 எம்பிபிஎஸ். அந்தப் பக்கம் இருக்கும் அத்தனை பேரும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை கூட்டத்தைச் சொல்லவா வேண்டும்! வாகனத்தில் தற்காலிக டவர் கொண்டுவந்து நிறுத்தினாலும் தேர் நேரத்துக்குப் போதாது. எஸ்எம்எஸ் மட்டும் போகும், அதற்கு வேண்டிய இடம் மிகக் குறைவு. பிள்ளைகளோடு சந்திக்கும் இடத்தை முன்பே பேசிவையுங்கள், கையில் ரொக்கம் வையுங்கள்.

கேள்வி: பழைய பிஎஸ்என்எல் சிம்மை 4ஜி-க்கு மாற்றலாமா? நெல் கொள்முதல் நிலையப் பதிவுக்கு இந்த எண்ணில்தான் ஓடிபி வருகிறது.
– விவசாயி, மன்னார்குடி

பதில்: மாற்றலாம், நாள் பார்த்து மாற்றுங்கள். சிம் மாற்றியதும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்திவைக்கப்படும். ஓடிபி மோசடியைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. பதிவுக்கு முந்தைய நாள் மாற்றிவிட்டு ஓடிபி வரவில்லை என்று களத்தில் நிற்காதீர்கள். மாற்றிய 7 நாளுக்கு வேறு கம்பெனிக்குப் போர்ட் செய்யவும் முடியாது.

போனையும் பாருங்கள். பிஎஸ்என்எல்லின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி 2025 செப்டம்பர் 27 அன்று தேசிய அளவில் தொடங்கிவைக்கப்பட்டது. அதில் 700 மெகாஹெர்ட்ஸ் முக்கியமானது. அந்த அலைவரிசைக்குப் பெயர் பேண்ட் 28, போன் விவரத்தில் அது இருக்க வேண்டும். பழைய 4ஜி போன்கள் பலவற்றில் அது இல்லை.

கேள்வி: காரைக்காலில் இருக்கிறேன். வேறு மாநிலம் என்பதால் போர்ட் ஆக நாளாகுமா?
– வாசகர், காரைக்கால்

பதில்: ஆகாது. தொலைத்தொடர்புக் கணக்கில் காரைக்கால் தமிழ்நாடு வட்டத்தில்தான் இருக்கிறது. 'போர்ட்' என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு, உங்கள் எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். வரும் குறியீடு 4 நாள் செல்லும், மாற்றம் 3 வேலை நாளில் முடியும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். மீதமுள்ள வேலிடிட்டியும் பேலன்ஸும் போய்விடும், அதனால் பிளான் முடியும் வாரத்தில் செய்யுங்கள்.

கேள்வி: கோடியக்கரையில் சில இரவுகளில் போன் இலங்கை நெட்வொர்க்கைக் காட்டுகிறது. காசு பிடிப்பார்களா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: இலங்கை கிட்டத்தில் இருக்கிறது, கடல்மேல் காற்றின் அடுக்குகள் ஒத்துழைக்கும் இரவில் அலை வளைந்து நெடுந்தூரம் வரும். டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க் தேர்வில் உங்கள் கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுத்துவிடுங்கள், கவலையில்லை.

கேள்வி: கஜா மாதிரி புயல் வந்தால் போனை எப்படிக் காப்பாற்றி வைப்பது?
– வாசகி, முத்துப்பேட்டை

பதில்: 2018 நவம்பர் 16-க்குப் பிறகு நாள்கணக்கில் இருளில் இருந்தவர்களுக்கு இது வெறும் கேள்வி அல்ல. டவர் சாயாவிட்டாலும் கரன்ட் போனால் பேட்டரி சில மணி நேரம்தான், அதன்பின் டீசல் வண்டி வந்து சேர வேண்டும். விழுந்த மரங்கள் சாலையை அடைத்திருக்கும்.

10,000 எம்ஏஹெச் பவர் பேங்க்கில் கைக்குக் கிடைப்பது சுமார் 6,000 தான், 5,000 எம்ஏஹெச் போனை ஒரு தடவைக்குக் கொஞ்சம் அதிகமாக ஏற்றும். சிக்னல் தேடும் போன் வேகமாகத் தீரும். ஏரோபிளேன் மோடில் வைத்து மணிக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பேசுவதைவிட எஸ்எம்எஸ் அனுப்புங்கள்.

உங்கள் கம்பெனி டவர் விழுந்து பக்கத்து கம்பெனி டவர் நின்றால், அரசு உத்தரவிடும்போது ஒருவர் டவரில் மற்றவர் சிம் ஓடும். போன் தானாகப் பிடிக்கவில்லை என்றால் நெட்வொர்க் தேர்வில் 'தானியங்கி'யை அணைத்து, பட்டியலில் வரும் பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். உத்தரவு இல்லாத நாளிலும் 112 மட்டும் எந்தக் கம்பெனி டவரில் வேண்டுமானாலும் போகும்.