கொட்டேஷனில் வரும் சொற்கள்: வீட்டு உள்ளமைப்பு குறித்த கேள்வி பதில்

புதிதாக வீடு வாங்கி உள்வேலைக்கு ஆள் தேடுவோர் அனுப்பிய கேள்விகள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் கையில் கொடுத்த கொட்டேஷனைப் பற்றியவையாகவே இருக்கின்றன. என் பதில்கள் அனைத்துக்கும் அடிப்படை ஒன்றுதான்: பலகையின் கனம், தரக்குறியீடு, அளக்கும் முறை ஆகியவை எண்ணாக எழுதப்படாத வரை, எவ்வளவு அழகான சொல்லாக இருந்தாலும் அதற்கு விலை பேச முடியாது.

கேள்வி (மேடவாக்கம்): ஏழடி உயரம், ஐந்தடி அகலம், இரண்டடி ஆழம் கொண்ட அலமாரிக்கு ஒருவர் சதுர அடிக்கு 1,500 ரூபாய் என்றும் இன்னொருவர் 350 ரூபாய் என்றும் சொல்கிறார்கள். பிளைவுட் ஒன்றுதான் என்கிறார்கள். இவ்வளவு வேறுபாடு எப்படி வருகிறது?

பதில்: இருவரும் அளப்பது ஒரே பரப்பை அல்ல. முதலாமவர் சொல்வது முகப்புப் பரப்பு. முன்னால் நின்று பார்க்கும்போது தெரிகிற உயரத்தையும் அகலத்தையும் பெருக்கினால் 35 சதுர அடி. ஆகவே 52,500 ரூபாய். உள்ளே வரும் தட்டுகளும் பக்கப் பலகைகளும் அந்த விலைக்குள் அடங்கிவிடும். இரண்டாமவர் பெட்டியைப் பலகை பலகையாகப் பிரித்து அளக்கிறார். கதவு 35, பின்பலகை 35, இரண்டு பக்கங்கள் 28, மேல் கீழ்ப் பலகைகள் 20, நான்கு தட்டுகள் 40 என்று கூட்டினால் 158 சதுர அடி வரும். 350 ரூபாய் வீதம் அது 55,300 ரூபாய் ஆகிறது. மலிவாகத் தெரிந்தவர்தான் கூடுதலாகக் கேட்டிருக்கிறார். இரண்டு முறைகளுமே தொழிலில் வழக்கத்தில் உள்ளவைதான், ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பாதி வேலையில் நீங்கள் ஒரு தட்டைக் கூட்டச் சொன்னால் இரண்டாம் முறையில் தொகை ஏறிவிடும். இழுப்பறை, பூட்டு, கண்ணாடி ஆகியவை விலைக்குள் அடங்குமா என்பதை எந்த முறையானாலும் தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருச்சி): மாடுலர் கிச்சனுக்கு 'ரன்னிங் அடி' என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எங்கள் சமையலறை 'எல்' வடிவம். ஒரு பக்கம் பத்தடி, மறுபக்கம் எட்டடி. 18 அடி என்று போட்டிருப்பது சரியா?

பதில்: ரன்னிங் அடி என்பது மேடையின் நீளத்தை மட்டும் அளப்பது, உயரமும் ஆழமும் அதில் அடங்கியவை. மேடையின் ஆழம் இரண்டடி என்றால், இரண்டு சுவர்களையும் மூலை வரை அளக்கும்போது அந்த மூலை இரண்டு முறை கணக்கில் வந்துவிடுகிறது. உண்மையில் பெட்டி செய்யப்படும் நீளம் 16 அடிதான். மூலைக்குள் சுழலும் தட்டு போன்ற விலை கூடிய அமைப்பைப் பொருத்துவதாக இருந்தால் அதற்குத் தனியாகக் கொடுப்பது நியாயம்; வெற்று மூலைக்கு இருமுறை கொடுக்க வேண்டியதில்லை. மேல் அலமாரிகளும் பரணும் இதே கணக்கில் சேர்ந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள், பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

கேள்வி (நாகர்கோவில்): எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர்., பி.டபிள்யூ.பி. என்று மூன்று வகை பிளைவுட் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் மழையும் ஈரமும் அதிகம். எல்லா இடத்துக்கும் உயர்ந்த வகையையே போட்டுவிடலாமா?

பதில்: இந்த மூன்றும் மரத்தின் தரத்தைவிட, மர ஏடுகளை ஒட்டும் பசையின் தரத்தைச் சொல்பவை. எம்.ஆர். என்பது காற்றின் ஈரப்பதத்தைத் தாங்கும், தேங்கும் நீரைத் தாங்காது. கடையில் இதை 'வாட்டர்புரூஃப்' என்று விற்றால் நம்ப வேண்டாம். பி.டபிள்யூ.ஆர். கொதிநீருக்கு ஓரளவு ஈடுகொடுக்கும். இவ்விரண்டும் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர அளவையின் கீழ் வருபவை. பி.டபிள்யூ.பி. என்பது ஐ.எஸ். 710 அளவையின் கீழ் வரும் மரைன் பிளைவுட். அதன் மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் இட்டுச் சோதிப்பார்கள்.

பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ்ப்பெட்டிக்கும் குளியலறை அலமாரிக்கும் ஐ.எஸ். 710 தேவை. சமையலறையின் மற்றப் பெட்டிகளுக்கு பி.டபிள்யூ.ஆர். போதும். படுக்கையறை அலமாரி மழைநீர் கசியும் வெளிச்சுவரை ஒட்டி இல்லாவிட்டால் எம்.ஆர். போதுமானது, ஆகவே எல்லா இடத்துக்கும் உயர்ந்த வகை என்பது வீண் செலவு. வெட்டிய விளிம்பைக் கவனித்தால், நீரைத் தாங்கும் பீனால் பசை இட்ட பலகையில் ஏடுகளுக்கு இடையே கரும்பழுப்புக் கோடுகள் தெரியும். மலிவான பசையில் அந்தக் கோடுகள் வெளிறியிருக்கும். சாயம் கலந்து இந்த நிறத்தைக் கொண்டுவருவோரும் உண்டு என்பதால், பலகையின் முகத்தில் அச்சிட்டிருக்கும் ஐ.எஸ். எண்ணையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். மைக்கா ஒட்டிய பிறகு எந்தப் பலகையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கேள்வி (கோயம்புத்தூர்): லேமினேட், வெனீர், அக்ரிலிக், பி.யூ. இவற்றில் எது எங்கே பொருந்தும்?

பதில்: லேமினேட் என்பது நம் ஊரில் மைக்கா என்று அழைக்கப்படுவதுதான், பிசினில் தோய்ந்த காகித அடுக்குகளை அழுத்திச் செய்த தகடு. வெளிப்பக்கத்துக்கு 1 மி.மீ. கனம் கேளுங்கள், உட்பக்கத்துக்கு அதைவிட மெல்லியது போதும். கீறலையும் அன்றாடத் துடைப்பையும் தாங்குவதில் இதற்கு இணையில்லை என்பது என் கருத்து. வெனீர் என்பது உண்மையான மரத்திலிருந்து மிக மெல்லியதாகச் சீவிய ஏடு. அழகு அதற்குத்தான், ஆனால் பாலிஷ் கேட்கும், நீர்க்கறை பிடிக்கும், எனவே வரவேற்பறையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அக்ரிலிக் கண்ணாடிபோல் பளபளக்கும், விரல்தடமும் அதே அளவுக்குத் தெரியும். பி.யூ. என்பது தெளித்துப் பூசும் வண்ணம். விரும்பிய நிறம் கிடைக்கும், விளிம்பில் இடிபட்டால் பழையபடி சரிசெய்வது கடினம். தாளிப்பு நாள்தோறும் நடக்கும் சமையலறையில் அடுப்பை ஒட்டிய கதவுகளுக்கு நான் மைக்காவைத் தவிர வேறொன்றைச் சொல்வதில்லை.

கேள்வி (வேலூர்): 'எட்ஜ் பேண்டிங்' என்று தனி வரி போட்டிருக்கிறார்கள். அவசியமா?

பதில்: அவசியம். பலகையின் வெட்டிய விளிம்பில் ஒட்டும் பட்டை அது. நீர் நுழைவது விளிம்பு வழியாகத்தான். கதவுகளுக்கு 2 மி.மீ., உள்தட்டுகளுக்கு 0.8 மி.மீ. என்று எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி (பெசன்ட் நகர்): சமையலறைக் கூடைகள் '304 ஸ்டீல்' என்றார்கள். காந்தம் ஒட்டவில்லை, ஆனால் ஒரே ஆண்டில் துருப்புள்ளி வந்துவிட்டது. எப்படி?

பதில்: காந்தச் சோதனை இங்கே உதவாது. மலிவான 202 வகை எஃகிலும் காந்தம் ஏறத்தாழ ஒட்டாது. நிக்கல் குறைந்து மாங்கனீஸ் கூடிய கலவை அது. 304 வகையில் ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருப்பதால்தான் அது துருவுக்கு ஈடுகொடுக்கிறது. கடற்கரையை ஒட்டிய வீட்டில் உப்புக்காற்று இந்த வேறுபாட்டை விரைவில் காட்டிக்கொடுத்துவிடும். பில்லில் 304 என்ற எண் இருந்தால் விற்றவரிடம் மாற்றித் தரக் கேட்கலாம், 'எஸ்.எஸ்.' என்று மட்டும் இருந்தால் வாதாட இடமில்லை.

கேள்வி (மதுரை): கூரையின் உயரம் ஒன்பதரை அடி. ஃபால்ஸ் சீலிங்கும் கோவ் லைட்டும் வைக்கலாமா? ஜிப்சமா, பி.ஓ.பி.யா?

பதில்: கோவ் என்பது சீலிங்கின் ஓரத்தில் விளக்குப்பட்டையை மறைத்து, ஒளியை மட்டும் கூரையில் பரவவிடும் பள்ளம். அறை முழுவதையும் இறக்காமல் சுவரோரமாக மட்டும் இறக்கினால் உங்கள் உயரத்துக்குப் பொருந்தும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிக்கும் அறைக்கு 2.75 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்பதடி உயரம் கேட்கிறது. குளிர்சாதன அறையில் ஃபால்ஸ் சீலிங் வரை 2.4 மீட்டர் போதும் என்கிறது. மதுரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் முடியாது என்பதால் அறையின் நடுப்பகுதியை இறக்காமல் விடுவதே என் பரிந்துரை. விசிறியை எந்த நிலையிலும் கான்கிரீட் கூரையில் உள்ள கொக்கியிலிருந்தே தொங்கவிட வேண்டும். ஃபால்ஸ் சீலிங் அந்த எடையைத் தாங்காது.

ஜிப்சம் என்பது தொழிற்சாலையில் செய்து வரும் பலகை; உலோகச் சட்டத்தில் பொருத்துவதால் வேலை விரைவாகவும் தூசு குறைவாகவும் முடியும். பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) கையால் பூசுவது, வளைவு வேலைப்பாட்டுக்கு நல்லது, கொத்தனாரின் கைத்திறனை நம்பியது. மேல்தளத்துக் குளியலறைக்குக் கீழே வரும் இடத்தில் இரண்டுமே வேண்டாம்.

கேள்வி (ஈரோடு): விளக்கு அட்டையில் 3000 கே, 6500 கே என்று இருப்பது வெளிச்சத்தின் அளவா?

பதில்: இல்லை, அது ஒளியின் நிறம். 3000 மஞ்சள் சாயல் கொண்டது, 4000 நடுநிலையானது, 6500 நீலம் கலந்த வெண்மை. வெளிச்சத்தின் அளவைச் சொல்வது லூமென். ஒரே அறையில் 3000-ஐயும் 6500-ஐயும் கலந்து போட்டால் எவ்வளவு செலவழித்த சீலிங்கும் அரைகுறையாகத் தெரியும்.

கேள்வி (சேலம்): 'வொர்க் ட்ரையாங்கிள்' நம் சமையலுக்குப் பொருந்துமா?

பதில்: அடுப்பு, தொட்டி, குளிர்ப்பெட்டி ஆகிய மூன்றையும் இணைக்கும் கற்பனை முக்கோணம் அது, 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடி, மூன்றும் சேர்ந்து 13 முதல் 26 அடி என்பது அதன் கணக்கு. ஒருவர் மட்டும் சமைக்கும் அறையை மனத்தில் கொண்டு பிறந்த விதி என்பதால், கிரைண்டர், மிக்ஸி, அரிவாள்மனை என்று இன்னொரு வேலைமுனையும், கூட உதவிக்கு ஒருவரும் இருக்கும் நம் வீடுகளில் அதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே குறைந்தது இரண்டடி வெற்று மேடை கிடைக்கிறதா என்று பாருங்கள். முக்கோணத்தைவிட அதுதான் பயன்படும்.

கேள்வி (காரைக்குடி): தரைக்கு வெட்ரிஃபைடு டைல்ஸா, ஆத்தங்குடிக் கல்லா என்று வீட்டில் ஒரே வாக்குவாதம்.

பதில்: இரண்டின் வேலைமுறையே வேறு. வெட்ரிஃபைடு டைல்ஸ் மிகுந்த வெப்பத்தில் சுடப்படுவது. நீரை உறிஞ்சும் அளவு அரை விழுக்காட்டைத் தாண்டாது, கறை பிடிக்காது. அதிலும் 'ஜி.வி.டி.' என்றால் வடிவம் மேற்பூச்சில் மட்டும் இருக்கும், 'டபுள் சார்ஜ்' என்றால் நிறம் சில மி.மீ. ஆழம் வரை செல்லும். ஆள் நடமாட்டம் மிகுந்த கூடத்துக்கு இரண்டாவதே ஏற்றது. ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவதே இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வைத்த அச்சுச் சட்டத்துக்குள் வண்ணக்கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து இறுகவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடிதான் அதற்கு வழவழப்பைத் தருகிறது. காலடி படப்பட மெருகேறும், ஆனால் எலுமிச்சை, புளி, அமிலம் கலந்த தரைத் துப்புரவு நீர் ஆகியவை அதன் முகத்தைக் கெடுத்துவிடும். கூடத்துக்கும் முற்றத்தைச் சுற்றிய நடைக்கும் ஆத்தங்குடிக் கல்லும், சமையலறைக்கும் குளியலறைக்கும் சொரசொரப்பான வெட்ரிஃபைடு டைல்ஸும் என்று பிரித்துக்கொண்டால் வீட்டில் இரு தரப்பாருக்கும் மனக்குறை இருக்காது. இரண்டின் கனமும் வேறு என்பதால், மட்டம் சேரும் வாசற்படிகளை முதலிலேயே முடிவு செய்து கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள்.