கல்யாண மண்டபத்தில் சீட்டு ஆடலாமா?

கேள்வி: அடுத்த மாதம் எனக்குத் திருமணம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை ஆறு மணிக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டில் பெரியப்பாவிலிருந்து பொடிசுகள் வரை எல்லோருக்கும் சீட்டுப் பைத்தியம். வரவேற்பு முடிந்ததும் மண்டபத்திலேயே ஒரு ஆட்டம் போடலாம், நீயும் வா என்கிறார்கள். "நல்ல காரியம் நடக்கிற இடத்தில் சீட்டா?" என்று அம்மா முறைக்கிறார். எனக்கோ ரம்மியே தெரியாது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அம்மா முறைப்பதில் நியாயம் இருக்கிறது. மாடி அறையில் பத்து ரூபாயில் தொடங்கிய ரம்மி நடுராத்திரியில் ஐந்நூறாகி, காலைப் பந்தியில் சித்தப்பாவும் மாமாவும் முகத்தைத் திருப்பிக்கொண்ட கதை பல குடும்பங்களில் உண்டு. எனவே காசு கிடையாது என்பதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். அதை நீங்கள் சொல்லாதீர்கள். புதுப்பெண் சொன்னால் புத்தி சொல்வதுபோல் கேட்கும். மாப்பிள்ளையே தன் பெரியப்பாவிடம் சொல்லட்டும்.

"ரம்மி திறமை ஆட்டம், சுப்ரீம் கோர்ட்டே 1967-ல் சொல்லிவிட்டது" என்று யாராவது கட்டாயம் எடுத்துவிடுவார். உண்மைதான். ஆனால் அதே தீர்ப்பு, இடத்துக்காரர் ஆட்டத்தில் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்கிறது. 'மூன்று சீட்டு' என்ற ஆட்டத்தை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்குகிறது. மண்டபத்துக்காரருக்கு இந்த வாதமெல்லாம் தேவையில்லை. சீட்டாடக் கூடாது என்று பலர் விதிமுறையிலேயே போட்டிருப்பார்கள். அப்பாவை அதைப் பார்க்கச் சொல்லுங்கள். தடை இருந்தால் விருந்தினர் தங்கும் லாட்ஜ் அறைக்கு ஜமக்காளத்தை மாற்றிவிடலாம்.

அப்புறம், ரம்மி இந்த இடத்துக்கு ஒத்துவராது. ஐந்தாறு பேர் ஆட, மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். நீங்கள் 13 சீட்டை விசிறியாகப் பிடிக்கப் பழகுவதற்குள் தோற்றதற்கு 80 பாயின்ட் ஏறிவிடும்!

'கழுதை' என்ற சீட்டாட்டம் ஆடுங்கள். ஒரு கட்டு, 52 சீட்டையும் பிரித்துப் போட்டால் எட்டுப் பேர்கூட உட்காரலாம். ஒருவர் இறக்கும் இனத்திலேயே (ஸ்பேடு, ஆட்டின் மாதிரி) எல்லோரும் இறக்க வேண்டும். எல்லோரும் இறக்கிவிட்டால் அந்தச் சீட்டுகள் ஓரமாகப் போய்விடும். பெரிய சீட்டு போட்டவர் அடுத்து இறக்குவார். அந்த இனம் கையில் இல்லாதவர் வேறு இனத்தைப் போட்டு வெட்டுவார். வெட்டு விழுந்தால், இறக்கிய இனத்தில் பெரிய சீட்டு போட்டவர் அத்தனையையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கை காலியானவர் தப்பித்தார், கடைசியில் சீட்டோடு மிஞ்சுகிறவர் கழுதை. அம்மாவையும் கூப்பிடுங்கள், சின்ன வயதில் இதை ஆடியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

மாமனாரை வெட்டலாமா என்று தயங்காதீர்கள். சீட்டுப் பிரியர்களுக்கு விட்டுக்கொடுத்து ஆடினால் சுத்தமாகப் பிடிக்காது. வெட்டு வாங்கி அவர் போடும் கூச்சலில்தான் இரண்டு வீடும் கொஞ்சம் நெருங்கும்.

பெரியவர்கள் நாலு பேர் கழுதையை மட்டமாக நினைத்தால் அவர்களுக்கு '304' என்ற ஆட்டம் இருக்கிறது. 32 சீட்டு, இரண்டிரண்டு பேராகக் கூட்டு, ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20. எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேள்வி கேட்பதிலும், மற்ற இனங்களை வெட்டும் துருப்பை மறைப்பதிலுமே சூடு பிடித்துவிடும், காசு நினைவுக்கே வராது.

மேடையில் நிற்க வேண்டிய நேரத்தில் மட்டும் சீட்டைத் தொடாதீர்கள். கடைசி விருந்தாளியும் சாப்பிட்டபின், பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு வந்து இரண்டு ஆட்டம் ஆடுங்கள். பத்தரைக்கெல்லாம் எழுந்து போய்ப் படுத்துவிடுங்கள். அலங்காரம் செய்கிறவர் மூன்றரை மணிக்கே கதவைத் தட்டுவார்.