தோளுக்கு மேல் வளர்ந்த மகன்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, ஆட்டிசம். ஓரிரு சொற்கள்தான் பேசுவான். ஆறு மாதமாகக் கோபம் வந்தால் என்னைப் பிடித்துத் தள்ளுகிறான். ஹாலில் எல்லார் முன்னாலும் டவுசரைக் கழற்றிவிடுகிறான். குளிப்பாட்டுவது முதல் எல்லாம் நான்தான். பத்தாவது படிக்கும் மகள் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறாள். என்ன செய்வது?

பதில்: ‘எல்லாம் நான்தான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குவோம். குளியலை இந்த வாரமே அவன் அப்பா பொறுப்பில் விடுங்கள். உங்களுக்கு ஓய்வு வேண்டும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் தன் உடம்பைத் தொடலாம் என்று பழகிய பிள்ளைக்கு, தப்பான கையைத் தட்டிவிடத் தெரியாது. தண்ணீர் ஊற்றுவது, சோப்பு போடுவது, துண்டு கட்டுவது என ஒவ்வொன்றையும் படமாகக் குளியலறைச் சுவரில் ஒட்டுங்கள். அப்பா முதுகு மட்டும் தேய்த்துவிட்டு வாசலில் நிற்கட்டும். மாதக்கணக்கில் ஆகும், பரவாயில்லை.

டவுசரைக் கழற்றினால் திட்டவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். ‘உன் ரூமுக்குப் போ’ என்று பாட்டி உட்பட எல்லாரும் அதே சொற்களில் சொல்லி, கூட்டிக்கொண்டு போய் விடுங்கள். இலாஸ்டிக் இறுக்கமா, தொடையிடுக்கில் அரிப்பா என்றும் பாருங்கள்.

கோபத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள்? மிக்ஸி சத்தமா, பசியா, மலச்சிக்கலா, பல்வலியா என்பது பெரும்பாலும் அதில் பிடிபடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்கு வலிப்பு இந்த வயதில்தான் தொடங்கும். கூப்பிட்டாலும் தெரியாமல் வெறித்துப் பார்த்தாலோ கை கால் வெட்டி இழுத்தாலோ நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மகள்தான் எனக்குக் கூடுதல் கவலை. வாரத்தில் ஒரு மணி நேரம் அவளோடு மட்டும் வெளியே போங்கள். தம்பி பேச்சே வேண்டாம். ‘அப்பா அம்மாவுக்கு அப்புறம் இவன் என் தலையில்தானா?’ என்ற கேள்வி அவளுக்குள் இருக்கலாம். அவளாகக் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே பேச்சை எடுங்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, அவனுக்கு 18 வயது முடிந்ததும் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்க மாவட்ட அளவிலான குழுவில் விண்ணப்பிக்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு விசாரிக்கப் போகும்போது கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே தெரிந்துகொண்டதை அன்று இரவே மகளிடம் சொல்லுங்கள்.